கல்லறைக்குச் சாட்சி யார்?

இயேசு என்று ஒருத்தர் இருந்தாரா? சிலுவையில் செத்தாரா? மூணாம் நாள் எழுந்தாரா? இதுக்கெல்லாம் சரித்திர ஆதாரம் உண்டா? தலித் கிறித்தவக் குடும்பங்களில் படித்து வெளியே வந்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும்தான். இதற்கு நம் ஊர்களில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. எல்லாம் நிரூபிக்கப்பட்டாச்சு, சந்தேகப்படுகிறவன் விசுவாசமில்லாதவன் என்கிறார் பிரசங்கி. எல்லாம் கட்டுக்கதை, ஒரு துண்டு ஆதாரம்கூட இல்லை என்கிறார் பகுத்தறிவு பேசுகிற தோழர். இரண்டு பேருமே ஆதாரம் என்பதை வானத்திலிருந்து விழுந்த பொருள் மாதிரிதான் பேசுகிறார்கள்.

ஆதாரம் அப்படி விழுவதில்லை. யாரோ ஒருவர் சொல்ல வேண்டும். இன்னொருவர் எழுத வேண்டும். மற்றொருவர் அதைச் செல்லும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்று இடத்திலும் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்காமல் ஆதாரம் இருக்கிறது, இல்லை என்று பேசுவது பாதிப் பேச்சு. கல்வெட்டு வெட்ட ஆள் வைத்தவன் வரலாறு ஆனான். கல் உடைத்தவன் வரலாறு ஆகவில்லை. இது தெரிந்த நாம் பிரசங்கியின் பட்டியலையும் தோழரின் பட்டியலையும் அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது.

சிலுவைக்கு ஆதாரம் உண்டு

முதலில் எது நிற்கும் என்று பார்த்துவிடலாம். பிலாத்து என்ற ரோமை ஆளுநர் காலத்தில் கிறிஸ்து என்பவர் கொல்லப்பட்டார் என்று டாசிட்டஸ் என்ற ரோமை வரலாற்றாசிரியர் சுமார் கி.பி. 116ல் எழுதினார். அவருக்குக் கிறித்தவர்களைக் கண்டாலே ஆகாது, அருவருப்பான மூடநம்பிக்கை என்றுதான் எழுதுகிறார். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் சுமார் கி.பி. 93ல் எழுதிய நூலில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதில் பிற்காலக் கிறித்தவக் கைகள் இடைச்செருகல் செய்திருப்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே நூலில் வேறொரு இடத்தில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு கொல்லப்பட்டதைப் போகிற போக்கில் சொல்கிறார். போகிற போக்கில் சொன்னதாலேயே அதை நம்பலாம் என்கிறார்கள். பிலாத்தின் பெயர் வெட்டிய கல் ஒன்று 1961ல் செசரியாவில் கிடைத்தது.

இவர்களுக்கெல்லாம் முந்தியவை சின்னப்பரின் கடிதங்கள். பவுல் என்று புராட்டஸ்டண்டுக்காரர்கள் சொல்லும் அதே ஆள். சிலுவைச் சாவு நடந்தது கி.பி. 30ஐ ஒட்டி. அவர் கொரிந்து சபைக்கு எழுதியது கி.பி. 50களின் நடுவில். இயேசுவின் சகோதரர் யாக்கோபை நேரில் பார்த்ததாக வேறொரு கடிதத்தில் எழுதுகிறார். இவ்வளவும் சேர்ந்தால் இயேசு என்று ஒருவர் இருந்தார், ரோமை அரசு அவரைச் சிலுவையில் அறைந்து கொன்றது என்பது நிற்கும். மதம் சாராத வரலாற்றாய்வாளர்களிலும் மிகப் பெரும்பாலோர் இதை மறுப்பதில்லை.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. சிலுவை யாருக்கு உரிய தண்டனை? அடிமைகளுக்கு, கலகம் செய்தவர்களுக்கு, குடியுரிமை இல்லாத சனங்களுக்கு. கி.மு. 71ல் ஸ்பார்ட்டகஸ் கலகத்தை ஒடுக்கியபோது சுமார் 6000 அடிமைகளைச் சாலையோரமாகவே வரிசையாக அறைந்து வைத்தார்கள். கி.மு. 4ல் யூதேயா நாட்டில் வாருஸ் என்ற தளபதி சுமார் 2000 பேரை அறைந்தான் என்று ஜோசிபஸ் எழுதுகிறார்.

இத்தனை ஆயிரம் பேரில் எத்தனை எலும்பு கிடைத்தது? 1968ல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில், எலும்புப் பெட்டிக்குள், ஆணி அடித்த குதிகால் எலும்பு ஒன்று கிடைத்தது. ஆணி வளைந்துபோய்ப் பிடுங்க முடியாமல் காலோடு புதைத்திருக்கிறார்கள். பெட்டியில் யெஹோஹனான் என்ற பெயர் இருந்தது. இங்கிலாந்தில் 2017ல் தோண்டியெடுத்த இன்னொரு குதிகால் எலும்பு பற்றிய செய்தி 2021ல் வெளிவந்தது. இந்த அளவுக்குத் தெளிவானவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஏன்? சிலுவையில் செத்தவர்களைப் பெரும்பாலும் புதைக்கவே விடவில்லை. காக்கைக்கும் நாய்க்கும் விட்டார்கள், குழியில் தள்ளினார்கள். யெஹோஹனானுக்குக் குடும்பக் கல்லறை இருந்தது, பெட்டி செய்ய வசதி இருந்தது, அதனால் அவர் எலும்பு ஆதாரம் ஆனது. மற்றவர்கள் எலும்பு இல்லை என்பதால் அவர்கள் அறையப்படவில்லை என்று எவனாவது சொல்வானா? இடுகாட்டுக்கே இடமில்லாதவனிடம் போய்ச் சமாதியைக் காட்டு என்று கேட்கிற வேலை அது.

அம்பது வருச ஞாபகம்

சுவிசேஷங்களில் மூத்தது மாற்கு. அது எழுதப்பட்டது கி.பி. 70ஐ ஒட்டி. நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவே சுமார் 40 வருசம். அது வரைக்கும் வாய்மொழிதான். வாய்மொழி எப்படிச் செல்லும் என்று கேட்கிறார்கள்.

நம் கல்வராயன் மலையைப் பாருங்கள். அந்த மலைச் சனங்கள் ஜாகீர்தார்கள் கையில் கிடந்தார்கள். சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது ஜாகீர்தார்கள் சொல்லி வந்த கதை. 1976ல்தான் அரசு மலையை முழுசாக எடுத்துக்கொண்டது. அன்றைக்கு இருபது வயசில் இருந்தவருக்கு இன்று எழுபது. ஜாகீர் காலத்தில் யார் வீட்டில் யார் சும்மா உழைத்தார்கள், யார் என்ன வரி கொடுத்தார்கள் என்று அவரால் சொல்ல முடியும். கிழவன் கிழவி பேச்சு, ஆதாரம் ஆகாது என்று தள்ளிவிடுவோமா? மாற்குவுக்கும் சிலுவைக்கும் இருந்த தூரத்தைவிட இது அதிகம்.

அதற்காக ஞாபகம் சொல்வதெல்லாம் அப்படியே நடந்தது என்றும் ஆகாது. மலையாளிப் பழங்குடிகளிடம் ஒரு கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூணு அண்ணன் தம்பிகள் புறப்பட்டு ஆளுக்கொரு மலை ஏறினார்கள், அவர்கள் வம்சம்தான் நாங்கள் என்று. தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது. மூணு அண்ணன் தம்பிகள் இருந்தார்களா என்று யாராலும் காட்ட முடியாது. ஆனால் தமிழ் பேசுகிற இந்தச் சனங்கள் ஒரு காலத்தில் சமவெளியிலிருந்து மேலே ஏறிப் போனவர்கள் என்ற நினைவை அந்தக் கதை பொத்திவைத்திருக்கிறது. கதைக்குள் ஒரு நிகழ்ச்சி இருக்கும், நிகழ்ச்சியைச் சுற்றி ஒரு வளர்ச்சி இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் வரலாற்று வேலை. மலைச் சனங்களின் கதைக்கு எந்த அளவுகோலோ அதே அளவுகோல்தான் சுவிசேஷத்துக்கும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த கதை என்று கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம்.

பொம்பளைங்க சொன்னா செல்லுமா?

இனி உயிர்ப்பு. கல்லறை வெறுமையாக இருந்தது என்று முதலில் சொன்னது யார்? நான்கு சுவிசேஷங்களிலும் பெண்கள்தான். நான்கிலும் வருகிற பெயர் மகதலா மரியா. அந்தக் காலத்தில் பெண்கள் சாட்சி செல்லாது. பெண்கள் சாட்சியையும் அடிமைகள் சாட்சியையும் ஏற்கக் கூடாது என்பதை யூதச் சட்டமாகவே ஜோசிபஸ் எழுதிவைத்திருக்கிறார். இது நமக்குப் புதுசில்லை. பெண்ணுக்குப் பெண், சூத்திரனுக்குச் சூத்திரன், கடைசிச் சாதிக்குக் கடைசிச் சாதிதான் சாட்சி என்று மனு வகுத்து வைத்ததும் இதே வகைதான்.

இரண்டாம் நூற்றாண்டில் கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறித்தவர்களைக் கிண்டல் செய்தபோது, ஒரு பித்துப்பிடித்த பெண் பார்த்தாளாம், அதை நம்புகிறீர்களா என்றுதான் கேட்டார். அதனால்தான் சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்: பொய்யாகக் கட்டுகிறவன் செல்லாத சாட்சியை முன்னால் நிறுத்துவானா? எனவே பெண்கள் பற்றிய இந்த நினைவு பழையதாகத்தான் இருக்க வேண்டும். எதிர்வாதமும் உண்டு. பிணத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறவர்கள் பெண்கள், கதை சொல்கிறவன் கல்லறைக்கு அவர்களை அனுப்புவது இயல்பு. இரண்டையும் நிறுத்திப் பார்த்தால், நினைவு பழசு என்பது வரைக்கும் போகலாம். அதற்கு மேல் போக முடியாது.

சின்னப்பர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். உயிர்த்தவரைக் கண்டவர்கள் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார். கேபா, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள், யாக்கோபு, எல்லா அப்போஸ்தலர்கள், கடைசியாகத் தான். ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. பழைய பட்டியல், தான் பெற்றுக்கொண்டது என்று அவரே சொல்கிறார். அப்படியென்றால் கால் நூற்றாண்டு ஆவதற்குள்ளேயே செல்லாத சாட்சிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார்கள். மாற்கு சுவிசேஷத்தின் மூத்த முழுப் பிரதிகளான சினாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் அந்தச் சுவிசேஷம் முடிகிற இடம்: பெண்கள் நடுங்கிக்கொண்டு ஓடினார்கள், பயந்து ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தோடு சரி. அதற்குப் பின்னால் வருகிற பன்னிரண்டு வசனங்கள் பிறகு சேர்த்தவை.

பயந்து சொல்லாமல் இருப்பது என்னவென்று நம் சேரிப் பெண்களுக்குத் தெரியும். சொன்னாலும் எடுபடாது என்பதும் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் விழுந்தபோது, வீட்டுப் பெண்கள் சாராயம்தான் என்று சொன்னார்கள். முதலில் செத்தவர்கள் சாவுக்குச் சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. பிறகு மெத்தனால் என்று ஆய்வுக்கூடம் சொன்ன பின்தான் அது உண்மை ஆனது. அதற்குள் சாவு பெருகி, கடைசியில் அறுபதைத் தாண்டியது. செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், கூலிகள். அழுகிறவள் வாயில் வந்தது வதந்தி, அலுவலகத்தில் முத்திரை விழுந்ததும் ஆதாரம். கல்லறைக்குப் போன பெண்கள் கதையை இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து படிக்கும்போது வேறு மாதிரிதான் படிக்க முடிகிறது.

எங்கே நிற்க வேண்டும்

சரி, உயிர்ப்பு நடந்ததா? சீடர்கள் உயிர்த்தவரைக் கண்டதாக நம்பினார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஓடிப் போனவர்கள் திரும்பி வந்து, அதே எருசலேமில் நின்று பேசினார்கள் என்பதும் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. அவர்கள் கண்டது என்ன என்பதில்தான் சண்டை. உடலைத் திருடினார்கள் என்றார் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் ரெய்மாருஸ். துக்கத்தில் வந்த காட்சி என்கிறார்கள் வேறு சிலர். உடலே கல்லறைக்குப் போயிருக்காது, மற்றவர்களைப் போலத்தான் எறியப்பட்டிருக்கும் என்றார் ஜான் டொமினிக் கிராசன். கடவுள் எழுப்பினார் என்கிறது திருச்சபை. செத்தவரைக் கடவுள் எழுப்பினார் என்பதை எடைபோட வரலாற்றிடம் தராசு இல்லை. எழுப்பவில்லை என்று அடித்துச் சொல்லவும் அதனிடம் தராசு இல்லை. இதுக்கு மேலே போகிறவர் விசுவாசத்தால் போகட்டும், வரலாறு என்ற பெயரில் போக வேண்டாம்.

அப்படி வரலாற்றை வலிய இழுத்தவர்கள் கதை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தோமையார் இந்தியா வந்தார் என்று சொல்லும் தோமாவின் பணிகள் என்ற நூல், மூன்றாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. அதில் வரும் கொண்டபோரஸ் அரசன் கற்பனை இல்லை என்பதைப் பின்னால் கிடைத்த நாணயங்கள் காட்டின. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில். மயிலாப்பூர் என்ற பெயர் அந்த நூலில் இல்லை. மயிலாப்பூர்க் கல்லறையைப் போர்ச்சுகீசியர் தோண்டியது 1523ல். தோமையார் நம்பூதிரிகளை ஞானஸ்நானம் செய்தார், அவர்கள் வம்சம் நாங்கள் என்பது கேரளத்தில் பலரின் பெருமை. முதல் நூற்றாண்டில் அங்கே நம்பூதிரிகள் இருந்ததற்கே ஆதாரமில்லை. அப்போஸ்தலரைக் கொண்டும் சாதிப் பட்டாதான் எழுதுகிறார்கள். 1970களில் சென்னை மயிலாப்பூர் பேராயர் அருளப்பா, தோமையாரையும் திருவள்ளுவரையும் இணைக்கும் ஓலைகள் இருக்கின்றன என்று சொன்ன ஒருவருக்குப் பல லட்சம் ரூபாய் கொடுத்து ஏமாந்தார். வழக்கு நடந்து, ஏமாற்றியவருக்குத் தண்டனை ஆனது. ஆதாரம் வேண்டும் என்ற ஆசை பெருத்தால் போலி ஓலை பிறக்கும்.

சுவிசேஷத்தில் ஆதாரம் கேட்ட ஆளே தோமாதான். அவர் கேட்டது ஓலையா, கல்வெட்டா? காயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். உயிர்த்தவரை அடையாளம் காட்டியது காயம்.

சோதித்துப் பார்க்கக்கூடிய விசுவாசம்

கிறித்தவத்தின் மைய நம்பிக்கைகளில் வரலாறு நேராகச் சோதிக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் எல்லாரும் ஒரே உடல், அடிமை என்றும் உரிமையாளன் என்றும் அங்கே இல்லை என்பது. கல்லறைக்குள் நடந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. இதை எல்லாரும் பார்க்கலாம். இதற்குப் பதிவேடும் உண்டு, சுவரும் உண்டு.

1745ல் புதுச்சேரிக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் வெள்ளைக்காரர்களும். பறையர்கள் சாமியார்களிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, கடவுளுக்கு ஏது பேதம் என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. இதை எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருக்குப் பறையர் மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. தப்பித் தவறி நமக்குக் கிடைத்த சாட்சி அவர். ஒரே உடல் என்ற விசுவாசத்தை அன்றைக்கு உண்மையாக எடுத்துக்கொண்டவர்கள் சுவருக்கு எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று பாருங்கள்.

அந்தப் புதுச்சேரி இன்று புதுச்சேரி கடலூர் உயர்மறைமாவட்டம். அதற்குள் இருக்கிறது உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். அன்று விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். கோயில் செபமாலை மாதா கோயில். வன்னியர் கிறித்தவர்கள் பெரும்பான்மை, தலித் கிறித்தவர்கள் சிறுபான்மை. இரண்டு பேருக்கும் ஒரே பூசை, ஒரே அப்பம். ஆனால் கல்லறை தனி, பிண வண்டி தனி, தேர் சேரிக்குள் வராது. எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள், நாங்கள் கட்டிய சகாய மாதா கோயிலைப் பங்குக் கோயிலாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று தலித்துகள் கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9ந் தேதி சேரி வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறித்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். 1745ல் சுவரை இடிக்கச் சொன்ன சனங்களின் வாரிசுகள், 263 வருசம் கழித்துத் தனியாகவாவது விடுங்கள் என்று கேட்கிற நிலைக்கு வந்தார்கள். இதுவும் திருச்சபை வரலாறுதான்.

இதிலும் ஆதாரம் கேட்கப்பட்டது நம்மிடம்தான். சூசை என்ற தலித் கிறித்தவர், சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்தவர். மற்றத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது, கிறித்தவர் என்பதால் இவருக்கு இல்லை. 1950ஆம் வருசக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1985ல் என்ன சொன்னது? மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது. ஆதாரம் இல்லையாம்! திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் நின்றது. வடக்கன்குளத்துக் கோயிலில் சாதியைப் பிரித்துக் கட்டிய தடுப்பை 1910ல் இடித்து, வழக்கு உயர்நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. இவ்வளவும் செங்கல்லாகவும் தீர்ப்பாகவும் இருந்தும் ஆதாரம் இல்லை. பிறகு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னது. 2022ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஓர் ஆணையம் போட்டார்கள். தோமா ஒரு தடவைதான் தொட்டுப் பார்க்கக் கேட்டார். நம்மை எத்தனை தடவை காயத்தைக் காட்டச் சொல்வார்கள்?

நமக்கு இருக்கிற வேலை தெளிவானது. ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு இருக்கிறது. யாரை எங்கே புதைத்தார்கள் என்பதைத் தேடி எடுக்க வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கு அவற்றைத் திறந்துவிடு என்று மறைமாவட்டங்களைக் கேட்க வேண்டும். எறையூர் மாதிரி ஊர்களில் தேர் எந்தத் தெருவரைக்கும் வந்து திரும்பியது, பிணம் எந்த வழியாகப் போனது என்று கிழவிகள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிவைக்க வேண்டும். ஜாகீர் காலம் கண்ட மலைச் சனங்கள் இருக்கும்போதே அவர்களிடமும் கேட்க வேண்டும். இதைச் செய்ய விசுவாசி ஆக வேண்டியதில்லை, விசுவாசத்தை விடவும் வேண்டியதில்லை.

பிரசங்கி உயிர்ப்புக்கு ஆதாரம் உண்டு என்று மேடையில் முழங்கட்டும். அதைக் கேட்டு முடித்ததும் நம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கட்டும்: சாமி, உங்க ஊர்ல கல்லறைத் தோட்டம் ஒண்ணா, ரெண்டா?